முகம் பொருந்தவில்லை

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை எங்கள் தெருவில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. அக்காவுக்கு முதல் தடவை விளக்கிச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தவங்க செஞ்சதுல நொட்ட சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா? எங்க மாமியாரு மட்டும் உயிரோட இருந்திருந்தா இந்நேரம் மானேஜர் ஆயிருப்பாங்கடி."

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். சென்னையில் யாரோ ஒரு ஆப் எழுதுவார்கள். அது ஜனங்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அதை எப்படியெல்லாம் சொதப்ப முடியும் என்று நான் பார்க்க வேண்டும். எண் கேட்கும் இடத்தில் எழுத்தை அடிப்பேன். சேமிக்கும்போது நெட்டை நிறுத்துவேன். ஒரே பட்டனைப் பத்துத் தடவை குத்துவேன். அது திணறினால் எனக்குச் சந்தோஷம். இந்தக் குணம் வேலைக்காக வந்ததில்லை, பிறவியிலேயே உண்டு. ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியாது.

அம்மா போனபிறகு நான் ஆரணியில் அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். ஆபிஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள், பிறகு கூப்பிட மறந்துவிட்டார்கள். கீழே மாமாவின் தறி. மாமா என்றால் அக்காவின் கணவர், பட்டு நெய்கிறார். மீட்டிங்கில் என் மைக் திறந்திருந்தால் தறிச் சத்தம் போகும். "வீட்டில் யாராவது கதவைத் தட்டுகிறார்களா?" என்று கேட்பார்கள். "பக்கத்தில் ஏதோ வேலை நடக்கிறது" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைப்பேன். வாயில் அப்படித்தான் வந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ இருந்தது. படவேடு ரேணுகாம்பாள் கோயில் வாசலில் எடுத்தது. அக்காவும் நானும் சின்னப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் வழுவழுவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம் அப்பி, ஆளுக்கொரு பலூனோடு நிற்கிறோம். ஒரு மீட்டிங்கில் ஒருத்தன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பின்னாடி இருக்கிற பசங்க யாரு, உங்க அண்ணன்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டிங் முடிந்ததும் போட்டோவைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

"இங்க மாட்டியிருந்த போட்டோ எங்கடி?" என்றாள் அக்கா ஒரு நாள்.

"ஃபேன் காத்துல ஆடிச்சி. கண்ணாடி ஒடஞ்சிடும்னு எடுத்து வெச்சேன்."

அவள் அந்த ஆணியைப் பார்த்தாள்.

இவ்வளவு கூச்சம் உள்ளவள், ஊரை வைத்து லாபம் என்று தெரிந்தால் மட்டும் முதல் ஆளாக நிற்பேன். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. செய்யாறு சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போக அவர்களுக்கு நிறைய பஸ்கள். பஸ் வாசலிலேயே முகத்தைப் பார்த்து வருகை பதிகிற ஆப் ஒன்று வேண்டும் என்று எங்கள் ஆபிஸில் கேட்டிருந்தார்கள். ஏறும்போது ஒரு டேப்லெட்டின் முன் நிற்க வேண்டும். பச்சை வந்தால் வருகை பதிவாகிவிட்டது என்று அர்த்தம். சிவப்பு வந்தாலும் பஸ்ஸில் ஏறலாம், போய் நாள் முழுக்க வேலையும் செய்யலாம். ஆனால் கம்பெனியைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை.

"ஆரணிப் பக்கத்து முகமெல்லாம் எனக்குத் தெரியும். நான் டெஸ்ட் பண்றேன்" என்று மீட்டிங்கில் சொன்னேன். ஆரணி என்கிற பெயரை அன்றைக்குத்தான் அத்தனை பேருக்கு நடுவில் சத்தமாகச் சொன்னேன்.

அக்கா வேலை பார்ப்பதும் அதே கம்பெனியில்தான். வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், மாமாவுக்கு முதுகுவலி வந்து தறிக்குழியில் முன்போல் உட்கார முடியாமல் போனபிறகு சேர்ந்தாள். இன்னும் ட்ரெயினி. ட்ரெயினிகளுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் அடையாள அட்டை, பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலக் கயிறு. மஞ்சள் கயிறு என்றால் எந்த மாதமும் 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று சொல்லலாம். பயிற்சி முடிகிறவரை ஒரு நாள்கூட லீவு இல்லாமல் வந்தால் நீலம். அக்கா ஜுரத்தோடு போனாள். ஓரகத்தி வீட்டு வளைகாப்புக்குப் போகாமல் வேலைக்குப் போனாள். ஆடி முடிந்ததும் நீலக் கயிறு கொடுப்பார்கள் என்று பஸ்ஸில் பேச்சு. அதையே எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் செய்ய முகங்கள் வேண்டுமே. தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். முதல் முகம் அக்கா. பவுடர் போட்டுப் பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"சிரிக்காத. மோவாயத் தூக்கு. கண்ண நல்லா தொறந்து நேரா பாரு."

"சிரிக்காம எப்டிடி? போட்டோன்னா சிரிப்பு வருது."

"இது போட்டோ இல்லக்கா, அட்டெண்டன்ஸ்."

கண்ணாடி போட்டு, போடாமல், பொட்டு வைத்து, வைக்காமல், மாஸ்க்கோடு, விபூதிப் பட்டையோடு, மழையில் நனைந்த முகத்தோடு, விடியற்காலை இருட்டில் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். மஞ்சள் பூசிக் குளித்த முகத்துக்குச் சிவப்பு வந்தது. அதைக் கண்டுபிடித்தது நான். சென்னையில் உட்கார்ந்திருக்கிற டெவலப்பர்களுக்கு மஞ்சள் எங்கே ஞாபகம் வரும்? சரி செய்தார்கள், பச்சை வந்தது. அன்றைக்கு என் டீம் லீடு எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார். "இதுக்குத்தான் லோக்கல் ஆள் வேணும்கறது" என்றார். அந்த வார்த்தையை மாடியிலிருந்து இறங்கிவந்து அக்காவிடமும் மாமாவிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

ஆனாலும் ஆப் பஸ்களுக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இது சரியாகப் போகாவிட்டால் ஆட்களைக் குறைப்பார்கள் என்று ஆபிஸில் பேச்சு இருந்தது. முதலில் போவது டெஸ்டர்கள்தான். அக்காவிடம் புலம்பினேன்.

"படவேட்டு ஆத்தா கிட்ட சொல்லிட்டேன். அவ பாத்துக்குவா. நீ போய்த் தூங்கு" என்றாள்.

"ஆத்தாக்கு ஆப் பத்தி இன்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் பாத்துக்கலையா உன்ன?"

ஆனி மாதத்தில் ஆப் ஓட ஆரம்பித்தது. ஒரு புகார் இல்லை. அக்கா தினமும் சாயங்காலம் வந்து, "இன்னிக்கும் பச்ச" என்று எனக்குத் தகவல் சொல்வாள். பஸ்ஸில் எல்லோரும் ஜல்தியாக ஏற முடிகிறதாம், கையெழுத்துக்குக் காத்திருக்கிற பேஜார் இல்லையாம். ஆபிஸிலிருந்து பாராட்டு மெயில் வந்தது. நான் தலைகால் புரியாமல்தான் நடந்தேன்.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் படவேட்டுக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டாள். "அந்தக் கூட்டத்துல யாரு மாட்டிக்கறது, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். சாயங்காலம் நான் சாப்பிடக் கீழே இறங்கியபோது அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். முழு மொட்டை. கழுத்துவரை சந்தனம்.

"ஐயோ, இன்னாக்கா இது!"

திரும்பிச் சிரித்தாள். "எப்பிடிகீது?"

"பூ முடி குடுத்தா போதாதா? மொத்தமா எடுக்கணுமா?"

"முழு முடின்னு வேண்டிகினேன். அப்புறம் ஆத்தாவ ஏமாத்த முடியுமா?"

"எதுக்கு வேண்டிகின?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"பர்மனென்ட்டுக்குத்தானே? ஆகறதுக்கு முன்னாடியே குடுத்துட்டியே. அட்வான்ஸா?"

அவள் தட்டில் இட்லியைப் போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து தின்றேன். அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். காது இரண்டும் பெரிதாகத் தெரிகிறது என்று கேலி செய்தேன். ஊரில் உள்ள குறையெல்லாம் என் கண்ணில் படும் என்று மார் தட்டுகிறவள், எதிரில் இருந்த தலையைப் பார்த்து என்ன நினைக்க வேண்டுமோ அதை நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

மறுநாள் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஆரணி, போளூர் பஸ்களில் சிலருக்கு முகம் பொருந்தவில்லை என்கிறது, பாருங்கள் என்று ஒரே ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்துச் சரி என்று சொன்ன ஆப்பில் எப்படிக் குறை வரும்? என்னிடம் இருந்த தெருக்காரர்களின் முகங்களையெல்லாம் எடுத்து மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை. நிம்மதியாக இருந்தது. அதன்பிறகு யோசிக்கவில்லை, முடிவே செய்துவிட்டேன். காற்று அடிக்கிற மாதம், பெண்கள் தலையோடு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வருவார்கள், அதுதான் காரணம். 'எங்களிடம் இந்தக் குறை வரவில்லை, பயனர்கள் முகத்தைச் சரியாகக் காட்டுவதில்லை' என்று எழுதிப் புகாரை மூடினேன். அதோடு விட்டேனா? பஸ் வாசலில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு அறிவிப்பும் எழுதிக் கொடுத்தேன்.

'தலையிலும் முகத்திலும் உள்ள துணியை முழுவதுமாக நீக்கிவிட்டு நேராகப் பார்க்கவும்.'

நல்ல தமிழாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம் அக்கா "இன்னிக்கும் பச்ச" என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள் என்று இப்போது தெரிகிறது. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு சீக்கிரமே படுத்துவிட்டாள். ஷிஃப்ட் களைப்பு என்று நினைத்தேன்.

புகார் மறுபடி வந்தது, இந்தத் தடவை கோபமாக. லீடு போன் செய்தார். "அந்த ஊர்லதானே இருக்கீங்க? நேர்ல போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க." அக்காவிடம் நான் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் அவள் ஆச்சரியப்படுவாள், பஸ்ஸில் எல்லோருக்கும் என்னைக் காட்டிப் பெருமைப்படுவாள் என்று ஒரு ஆசை. அவள் கிளம்பிப் போனதும் சுடிதார் மேல் ஆபிஸ் அட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, டீக்கடை எதிரில் பஸ் நின்றிருந்தது. வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வாசலில் டேப்லெட், பக்கத்திலேயே நான் எழுதிய அறிவிப்பு, பெரிய எழுத்தில். பஸ் இன்சார்ஜ் ஒரு விசிலோடு நின்றிருந்தார். என் அட்டையைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கி நின்று சத்தமாகச் சொன்னார்.

"எல்லாம் கேட்டுக்கோங்க. மெட்ராஸ் ஆபிஸ்லர்ந்து மேடம் வந்துகிறாங்க. உங்க பிரச்சினைய அவங்க கிட்டயே சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பழக்கமான முகம் ஒன்றும் கண்ணில் படவில்லை. எங்கள் தெருவிலிருந்து அந்த ஷிஃப்டுக்குப் போகிறவள் அக்கா மட்டும்தான். ஏறியவர்களில் பாதிப்பேருக்குப் பச்சை வந்தது. அப்புறம் ஒரு பெரியவர் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மொட்டை. சிவப்பு. அடுத்து ஒரு பெண், தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் குனிந்து நின்றாள். மொட்டை. "துணிய முழுசா எடும்மா, எழுதிகிதே பாக்கல?" என்றார் இன்சார்ஜ். அவள் துப்பட்டாவை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி சிவப்பு.

வரிசையின் பின்னால் பார்த்தேன். அக்கா நின்றிருந்தாள்.

அவள் என்னை முன்னமே பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய முறை வந்தது. அறிவிப்பில் இருந்தபடியே தலையில் சுற்றியிருந்த துணியை அவளாகவே எடுத்தாள். மோவாயைத் தூக்கினாள். கண்ணை நன்றாகத் திறந்து நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மாடி அறையில் நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை.

'முகம் பொருந்தவில்லை' என்று வந்தது. அந்தத் தமிழும் நான் எழுதியதுதான்.

அவள் என் பக்கம் திரும்பி, ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"இன்னும் கிட்ட வந்து நிக்கணுங்களா மேடம்?"

தலையை ஆட்டினேன். என்ன அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் கிட்டப் போய் நின்றாள். மறுபடி சிவப்பு. "போய் ஏறும்மா, லீவுதான் வுழும்" என்றார் இன்சார்ஜ். அக்கா துணியைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

அப்போது துப்பட்டாவைக் கையில் வைத்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏன் மேடம், ஆடி மாசம் மொட்ட போடாத ஊர்லர்ந்து வந்தீங்களா?"

நான் இந்த ஊர்தான் என்று சொல்லியிருக்கலாம். என் தலையிலும் மூன்று தடவை கத்தி பட்டிருக்கிறது, இதோ படியேறுகிறவள் என் கூடப் பிறந்தவள், அந்த அறிவிப்பை எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க" என்றேன். "ஆபிஸ்ல சொல்லி சரி பண்ணிடறோம்."

அக்காவுக்கு அது கேட்டது. படியில் ஒரு கணம் நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில், புகை, அவ்வளவுதான். நான் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். வெட்கத்தில் உடம்பு சுடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். எனக்குக் காதுமடல்வரை சுட்டது.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போகவில்லை. தறியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மாமா நெய்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸாண்ட போனியா?"

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"மொத நாளே வந்து சொன்னா. உன் கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிகினா."

"பர்மனென்ட்டுக்காக வேண்டிகினு, அதுனாலயே பர்மனென்ட் போயிடும் போல இருக்கே மாமா."

மாமா தறியை நிறுத்தினார். அவர் தறியை நிறுத்துவது அபூர்வம்.

"பர்மனென்ட்டுக்கு யாரு வேண்டிகினது? உன் மிஷினுக்குத்தான் வேண்டிகினா. நீ சாப்டாம கொள்ளாம கெடந்தியே, அப்போ. ஆப்பு நல்லபடியா ஓடுச்சின்னா முழு முடி குடுக்கறேன்னு. ஒரு மாசம் நல்லா ஓடுச்சில்ல? அதான் போய்க் குடுத்துட்டு வந்தா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமா பெண்கள் அழுதால் என்ன செய்வது என்று தெரியாத மனிதர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

அன்றைக்கே மீட்டிங் வைத்தார்கள். முடியையும் சேர்த்துத்தான் ஆப் முகமாகப் பழகியிருக்கிறது, சந்தனம் வேறு நெற்றிவரை மறைக்கிறது, சரி செய்துவிடலாம் என்றான் டெவலப்பர். லீடு எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "வருஷத்துல ஒரு மாசம் வர்ற விஷயம். யாரும் எதிர்பார்க்க முடியாததுன்னு போட்டுடலாம்" என்றார்.

"யாரும் இல்ல சார், நான் எதிர்பார்த்திருக்கணும்" என்றேன். "எங்க குலதெய்வம் சார் அது. எனக்கே மொட்டை போட்டிருக்காங்க. சிவப்பு வந்தவங்கள்ல எங்க அக்காவும் ஒருத்தி. துணிய எடுக்கச் சொல்லி எழுதினது நான். அவங்க வந்த நாளெல்லாம் வந்ததா மாத்தித் தரணும்னு இன்னிக்கே கம்பெனிக்கு எழுதணும்."

மைக்கை நான் அணைக்கவில்லை. கீழிருந்து தறிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். "ஏதோ வேலை நடக்குது போல" என்றான் ஒருத்தன். "தறி. எங்க மாமா பட்டுப் புடவை நெய்யறார்" என்றேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வது சுலபம். பஸ் வாசலில் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி, மேடம் எப்ப வந்தீங்க?"

"ஏங்கா சொல்லல? மொத நாளே சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேன்ல?"

"நான் போய்ச் சொன்னா, உன் அக்காவே குத்தம் சொல்றான்னு ஆவாதா? ஆள கொறைக்கறாங்கன்னு நீதான் பொலம்பிகினு இருந்த."

"அந்த நோட்டீச எழுதனதும் நான்தான்."

"தெரியுமே. பாத்தவுடனே தெரிஞ்சிச்சி. அதிகாரமா இருந்திச்சி" என்று சிரித்தாள். "பஸ்ல எல்லாரும் எழுதினவள வண்ட வண்டயா திட்டினாங்க. நானும் சேந்து திட்னேன். சும்மா இருந்தா சந்தேகம் வந்துடும்ல?"

"நான் இந்த ஊரே இல்லன்னு சொன்னனேக்கா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையில் இருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் சொன்ன. உண்மைய சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைங்க உன்ன அங்கயே கிழிச்சிருப்பாங்க. நான் பாத்துகினு நிக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கோழைத்தனத்துக்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

இரண்டொரு நாளில் ஆப் சரியானது. அறிவிப்பைக் கிழித்தார்கள். மொட்டைத் தலைகளுக்கெல்லாம் பச்சை வந்தது, விட்டுப்போன நாட்களையும் கம்பெனியில் திருத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே, பர்மனென்ட் ஆகிறவர்களை அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் செய்தேன். மிக இனிமையாகப் பேசினார்கள். எங்கள் ஆப் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த பேட்ச்சில் கட்டாயம் பார்க்கலாம் என்றார்கள்.

பீரோவுக்குப் பின்னாலிருந்த போட்டோவைத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினேன். இப்போது எந்த ஆப் வந்தாலும் டெஸ்ட் செய்ய உட்காரும் முன் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்கிறேன். மீட்டிங்கில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்.

நீலக் கயிறு கொடுத்த அன்றைக்கு அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். அவள் பேட்ச்சில் சேர்ந்த பலருக்கும் கிடைத்ததாம், யார் யாருக்கு என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் கழுத்தில் மஞ்சள்தான் இருந்தது. தலையில் முடி பிரஷ் மாதிரி குத்திட்டு வளர ஆரம்பித்திருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, திடீரென்று ஞாபகம் வந்தவள் மாதிரி கேட்டாள்.

"ஏண்டி, உன் ஆப்பு இப்ப நல்லா ஓடுதா? ஆபிஸ்ல ஒண்ணும் சொல்லலையே?"

"நல்லா ஓடுதுக்கா. ஒண்ணும் சொல்லல."

"அப்போ சரி" என்றாள். கையால் தலையை ஒருமுறை தடவிக்கொண்டாள். "முடி குடுத்தது வீண் போவல."

டம்ளரை வைத்துவிட்டு அரிசி களைய எழுந்து போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.